திருகோணமலை ஒரு பிற்பகலில் முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இதழின் சுற்றுலாப் பக்கத்தில் திருகோணமலையைப் பற்றி, "வழிகாட்டி எதற்கு? ஒரு பிற்பகலில் நடந்தே பார்த்து முடித்துவிடலாம்" என்று ஒரு வரி வந்திருக்கிறது. முடித்துவிடலாம்தான், வெயில் முதலில் நம்மை முடிக்காவிட்டால். கச்சான் என்னும் தென்மேல் காற்று அடிக்கிற ஆடி மாதத்தில், பகல் ஒரு மணிக்கு ஆட்களை பஸ் நிலையத்தில் இறக்கிக் கோணேசர் கோயிலுக்கு நடத்துகிறார் கட்டுரையாளர். உச்சிக்காலப் பூசை முடிந்து நடை சாத்தியிருக்கும் என்பது தாங்கள் அறியாததல்ல. செருப்பைக் கழற்றிவிட்டு அந்த நேரத்தில் கருங்கல்லில் கால் வைத்தவருக்குப் பக்தி வராது, கொப்புளம்தான் வரும்.

பார்க்கிற ஒழுங்கு நேர்மாறானது. விடியற்காலையில் ஓட்டோ பிடித்து கோயில் இருக்கும் மலையுச்சிக்கு நேரே போக வேண்டும். சூரியன் கடலிலிருந்து கிளம்புவதைப் பார்த்து, கோயிலைக் கும்பிட்டு, இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவையும் எட்டிப் பார்த்துவிட்டு, இறங்கும்போது நடக்க வேண்டும். ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் இறக்கம். மர நிழல் உண்டு. ஏறும்போதும் இறங்கும்போதும் ஓட்டோவிலேயே இருப்பவர்கள் வழியில் உள்ள பிரெட்ரிக் கோட்டை வாசலைக் கவனிப்பதே இல்லை. அங்கேதான் பாண்டியரின் சின்னமான இரட்டைக் கயல் செதுக்கிய கல் இருக்கிறது. குளக்கோட்டன் என்ற மன்னன் கோயிலுக்குச் செய்த திருப்பணியைப் பறங்கி (போர்த்துக்கேயன்) பிரிப்பான் என்று சொல்லும் பாட்டின் சிதைந்த எழுத்துகளும் இருக்கின்றன. நின்று தேடினால்தான் தெரியும்.

அந்த வாசலைத் தங்கள் கட்டுரை "ஒல்லாந்தரின் (டச்சுக்காரரின்) கலைநயம்" என்கிறது. 1622இல் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டியவர்கள் போர்த்துக்கேயர். ஒல்லாந்தர் 1639இல் பிடித்துப் பின்னர் திருத்திக் கட்டினார்கள். பிரெட்ரிக் என்ற பெயரை 1803இல் வைத்தவர்கள் ஆங்கிலேயர். மூன்று பேருக்கும் உரிய பங்கை ஒருவருக்கே எழுதிக் கொடுத்த தாராளத்தை என்ன சொல்வது! கோட்டைக்குள் இன்றும் இராணுவ முகாம் இருப்பதையாவது எழுதியிருக்கலாம். கோயிலுக்குப் போகும் பிரதான பாதையை விட்டு விலகினால் திருப்பி அனுப்புவார்கள்; முகாமைப் படம் எடுக்கக் கூடாது.

"அப்படியே நடந்து ஒஸ்டன்பேர்க் கோட்டைக்கும்" போகச் சொல்லியிருக்கிறார். அது கடற்படைத் தளத்துக்குள் இருக்கிறது. முன்அனுமதி இல்லாமல் போகிறவர் காவலரணைத்தான் பார்த்துவிட்டு வருவார். கன்னியா வெந்நீர்க் கிணறுகளோ "பக்கத்தில்". பக்கம்தான், எட்டுக் கிலோமீற்றர்! அனுராதபுர வீதியால் போகும் பஸ்ஸில் சந்தியில் இறங்கி, உள்ளே வேறு நடக்க வேண்டும். ஏழு கிணற்றிலும் ஒரே சூடு இல்லை, கையை விட்டுப் பார்த்துத்தான் ஊற்ற வேண்டும் என்ற ஒரு சொல்லும் இல்லை.

நடந்தே பார்க்கக்கூடியவற்றை விட்டுவிட்டார். கோட்டை வாசலிலிருந்து டச் பே கடற்கரை, ஒல்லாந்தர் காலக் கட்டடத்தில் உள்ள கடற்படை அருங்காட்சியகம், எஸ்பிளனேட் பக்கத்துப் பழைய மயானம். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பி, கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஆஸ்டின் 1852இல் பர்மாவில் இறந்து, இந்த மயானத்தில்தான் அடக்கமானார். வெயில் ஏறுமுன் இவை முடிந்துவிடும். பிறகு சாப்பிட்டுப் படுத்து எழும்பி, பின்னேரம் உட்துறைமுக வீதிக்குப் போனால் சூரியன் மறைவதை அங்கே பார்க்கலாம். ஐப்பசி முதல் தை வரை வாடைக்காலம், மழை. அப்போது குடை இல்லாமல் இந்த ஒழுங்கும் உதவாது.

இது இன்றைய கோபம் மட்டுமல்ல. எங்கள் ஊர் தங்கள் முதற்பக்கத்துக்கு வருவது துறைமுகத்து எண்ணெய்த் தாங்கிகளை யாருக்குக் கொடுப்பது என்ற பேச்சு எழும்போது. சுற்றுலாப் பக்கத்துக்கு வருவது நிலாவெளிக் கடற்கரை விடுதிகளுக்கு ஆள் சேர்க்கும்போது. போதாக்குறைக்கு, கோட்டைக்குள் திரியும் புள்ளிமானுக்குப் பிஸ்கட் ஊட்டும் படத்தை வருடா வருடம் போடுகிறீர்கள். பிஸ்கட்டோடு பொலித்தீன் உறையையும் அவை தின்றுவிடுவதைப் படம் எடுக்க ஆள் வருவதில்லை.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் நாலு விரல் அளவு இடம் ஒதுக்கி, கோயில் நடை திறக்கும் நேரத்தையும், எது நடை தூரம், எதற்குப் பஸ், எதற்கு அனுமதி என்பதையும் திருத்திப் போடுங்கள். விடுதி விளம்பரத்துக்குக் கீழே இடம் இருந்தாலும் போதும்.

இப்படிக்கு,
உவர்மலை வாசகர்,
திருகோணமலை.