குடும்ப எஸ்யூவி தயாரிப்பவர்களுக்கு: ஏழாவது வருடத்தையும் கொஞ்சம் யோசியுங்கள்

நடுத்தர அளவு குடும்ப எஸ்யூவிகளை வடிவமைப்பவர்களுக்கும், அதில் எதைச் சேர்ப்பது எதை எடுப்பது என்று முடிவு செய்பவர்களுக்கும்,

வணக்கம். எந்த ஒரு நிறுவனத்தின் மேலும் புகார் சொல்ல இதை எழுதவில்லை. எங்கள் வீட்டில் பல வருடமாக இருப்பது இந்த வகை வண்டிதான்: மூன்று வரிசை சீட், டீசல், ஆட்டோமேட்டிக். வீட்டில் எல்லோருக்கும் பிடித்த வண்டி, இன்னும் சில வருடம் இதையேதான் ஓட்டப் போகிறோம். இத்தனை நாள் கூடவே இருந்ததில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. நீங்கள் வண்டியைச் செய்யும்போது அது ஷோரூமில் நிற்கும் நேரத்தையும், வாரண்டி ஓடும் முதல் சில வருடத்தையும்தான் மனதில் வைத்துச் செய்கிறீர்கள். ஆனால் ஒரு குடும்பம் இதை வாங்குவது குழந்தை தவழும்போது; அதே குழந்தை தோள் உயரத்துக்கு வளர்ந்து முன் சீட்டுக்குச் சண்டை போடும் காலத்திலும் வண்டி அதே வண்டியாகத்தான் இருக்கும். அந்தப் பின்பாதி வருடங்களுக்காகத்தான் இந்த மடல்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை நீங்கள் கெடுத்துவிடக் கூடாது. சீட்டின் உயரம்தான் இந்த வண்டியின் உயிர். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் குனியவும் வேண்டாம், ஏறவும் வேண்டாம், இடுப்பை அப்படியே பக்கவாட்டில் நகர்த்தி உட்கார்ந்துவிடலாம். குழந்தைக்கு பெல்ட் போடும்போது நமக்கு முதுகு பிடித்துக்கொள்வதில்லை. இதற்காகவே இந்த வகை வண்டியை வாங்கியவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். ஆனால் புது மாடல்களைப் பார்த்தால் கூரையைப் பின்பக்கம் சரித்துக்கொண்டே போகிறீர்கள், ஜன்னலின் அடிக்கோட்டை ஏற்றிக்கொண்டே போகிறீர்கள். படத்தில் பார்க்க அழகுதான். உள்ளே உட்காரும் குழந்தைக்கு வெளியே எதுவும் தெரியாது, கண் ஒன்றைச் சொல்லும் உடம்பு இன்னொன்றை உணரும், வளைந்து போகும் சாலையில் சீக்கிரமே வாந்தி வந்துவிடும். ஜன்னலின் அடிக்கோட்டை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கினால் அந்தப் பாதித் தொல்லை தீரும்.

பானெட்டும் அப்படித்தான். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் 2023 இல் ஒரு ஆய்வு வெளியிட்டது. பானெட்டின் முன்விளிம்பு 40 அங்குலத்துக்கு மேல் உள்ள வண்டி நடந்து போகிறவர் மேல் மோதினால், 30 அங்குலமோ அதற்குக் கீழேயோ இருந்து சரிவாக இறங்கும் முகம் கொண்ட வண்டியை விட உயிர் போகும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம் என்று அதில் கண்டறிந்தார்கள். என் பிள்ளை உள்ளே பத்திரமாக இருக்க வேண்டும், சரி. வண்டிக்கு முன்னால் நிற்கும் அடுத்த வீட்டுப் பிள்ளை என் கண்ணுக்குத் தெரியவும் வேண்டுமே. முரட்டு முகம் யாருக்காக?

அடுத்து மூன்றாம் வரிசை. ஏழு பேர் போகலாம் என்று விற்கிறீர்கள். குழந்தை சீட்டைப் பொருத்தும் ஐஸோஃபிக்ஸ் கொக்கிகளுக்கு 1999 இலேயே சர்வதேசத் தரம் வந்துவிட்டது, அந்தக் கொக்கிகள் பெரும்பாலும் இருப்பது நடு வரிசையில். அங்கே குழந்தை சீட்டை மாட்டியதும் அந்தப் பக்கத்து சீட்டை மடக்க முடியாது, மடக்க முடியாவிட்டால் பின்னால் போக வழி கிடையாது. இரண்டு பக்கமும் குழந்தை சீட் இருக்கிற வீட்டில், அதாவது மூன்றாம் வரிசை உண்மையிலேயே தேவைப்படும் வீட்டில், பின்னால் உட்கார வேண்டியவர் டிக்கி வழியாக ஏறி, சீட்டின் முதுகைத் தாண்டிக் குதிக்க வேண்டியிருக்கிறது. பத்து வயதுப் பையன் சந்தோஷமாகச் செய்வான், அவன் பாட்டி என்ன செய்வார்? இதற்கு வழி இல்லாமல் இல்லை. நிசான் பாத்ஃபைண்டரின் 2013 மாடலிலேயே குழந்தை சீட்டைக் கழற்றாமல், குழந்தையை மட்டும் இறக்கிவிட்டு, நடு சீட்டை முன்னால் சாய்த்து நகர்த்தும்படி செய்திருந்தார்கள். அப்படிப்பட்ட ஒரு வசதி எல்லா மூன்று வரிசை வண்டிகளுக்கும் ஏன் இன்னும் வரவில்லை என்று யாராவது எனக்குச் சொன்னால் நன்றாக இருக்கும். அப்புறம், மூன்றாம் வரிசையைத் தூக்கி நிறுத்தினால் முதுகு சாயும் பலகைக்கும் பின்கதவுக்கும் நடுவில் ஒரு பள்ளிப் பை வைக்கும் இடம்தான் மிஞ்சுகிறது. ஏழு பேர் என்றால் ஏழு பேருடைய சாமானும்தானே வரும்.

டச் ஸ்கிரீனுக்கு வருகிறேன். இது வெறும் பழக்கப் பிரச்சினை என்று தள்ளிவிடாதீர்கள். ஸ்வீடனின் வி பிலேகரே என்ற கார் பத்திரிகை 2022 இல் ஒரு சோதனை செய்தது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே ஏசியைக் கூட்டுவது, ரேடியோ மாற்றுவது போன்ற நான்கு வேலைகள். பட்டன்கள் மட்டுமே உள்ள 2005 ஆம் வருட வோல்வோ வி70 இல் எல்லாம் முடிய 10 விநாடி, அதற்குள் வண்டி 306 மீட்டர் போயிருந்தது. அந்தச் சோதனையில் கடைசியாக வந்த புது வண்டியில் 44.9 விநாடி, 1,372 மீட்டர். ஒன்றேகால் கிலோமீட்டருக்கு மேல், கவனம் பாதி ரோட்டில் பாதி திரையில். நல்ல மழையில் முன்கண்ணாடி சட்டென்று பனி பிடித்து வெளுத்துப் போகும்போது, பின்னால் குழந்தை அழுதுகொண்டிருக்கும்போது, கண்ணை எடுக்காமல் கையால் தடவி டீஃபாகரைக் கண்டுபிடிக்க முடிய வேண்டும். எங்கள் வண்டியில் அதற்குத் தனிப் பட்டன் இருக்கிறது, அந்த ஒரு பட்டனுக்காக உங்களில் யாரோ ஒருவர் கூட்டத்தில் வாதாடியிருப்பார், அவருக்கு நன்றி. ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பெண் தரும் யூரோ என்கேப் அமைப்பு 2026 முதல் இண்டிகேட்டர், ஹஸார்ட் விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குக் கையால் தொட்டு இயக்கும் தனிக் கட்டுப்பாடு இருக்க வேண்டும் என்று மதிப்பெண்ணில் சேர்த்திருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் ஏசியும் டீஃபாகரும் அந்தப் பட்டியலில் இல்லை, அதை நீங்களாகத்தான் செய்ய வேண்டும்.

திரைக்கு வயசாவதும் வேறு மாதிரி. ஒரு திருகு குமிழ் பத்து வருடம் கழித்தும் முதல் நாள் போலவே திரும்பும். திரை அப்படி இல்லை: அதற்குள் இருக்கும் கணினி வாங்கும்போதே பழையது, நாலைந்து வருடத்தில் தொட்டால் யோசித்து யோசித்து வேலை செய்கிறது, மேப் பழசாகிறது. அமெரிக்காவில் 2022 இல் 3ஜி நெட்வொர்க்குகளை மூடியபோது, நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்த பல வண்டிகளின் இணைய வசதிகள், சிலவற்றில் விபத்து நேரத்தில் தானாக உதவி அழைக்கும் வசதி உட்பட, ஒரேயடியாக நின்று போயின. வண்டியில் தகவல் தொடர்பு மாட்யூலைத் தனியாகக் கழற்றி மாற்றும்படி வையுங்கள். எத்தனை வருடத்துக்கு அப்டேட் தருவோம் என்பதை விற்கும் நாளிலேயே எழுத்தில் கொடுங்கள்.

சக்கரம். ஒரே மாடலில் குறைந்த விலை வண்டிக்கு 235/65 ஆர்17 டயரும் உயர்ந்த விலை வண்டிக்கு 235/55 ஆர்19 டயரும் போடுகிறீர்கள். முதல் எண் டயரின் அகலம் மில்லிமீட்டரில், கடைசி எண் ரிம்மின் விட்டம் அங்குலத்தில், நடுவில் உள்ள எண் டயரின் பக்கச்சுவர் உயரம், அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. கணக்குப் போட்டால் முதல் டயரின் பக்கச்சுவர் சுமார் 153 மில்லிமீட்டர், இரண்டாவதில் 129. வெளிச்சுற்று ஏறக்குறைய ஒன்றேதான், குறைந்து போனது சுமார் 2.4 சென்டிமீட்டர் ரப்பரும் காற்றும்தான். பள்ளத்தில் விழும்போது முதலில் அடி வாங்குவது அந்த ரப்பர்தான், அது இல்லாவிட்டால் ரிம் வாங்கும், ரிம்முக்கு அடுத்து நம் இடுப்பு வாங்கும். பாதுகாப்பு வசதிகள் எல்லாம் உள்ள உயர்ந்த மாடல் வேண்டும், ஆனால் 17 அங்குலச் சக்கரம் போதும் என்று கேட்டால் கிடைக்காது. அதைக் கேட்டு வாங்கும் வசதி கொடுங்கள், பெரியவர்களை வைத்து ஓட்டுகிற எத்தனையோ பேர் எடுத்துக்கொள்வார்கள்.

ஸ்டெப்னியையும் எடுத்துவிட்டு ஒரு பாட்டில் பசையும் சின்ன பம்பும் வைக்கிறீர்கள். ஆணி குத்திய சின்ன ஓட்டைக்குச் சரி. பக்கச்சுவர் கிழிந்தால் அந்தப் பசையால் ஒன்றும் ஆகாது, அதற்குக் காலாவதித் தேதி வேறு உண்டு, ஐந்தாறு வருடம் கழித்து அவசரத்தில் எடுத்துப் பார்க்கும்போதுதான் அது பலருக்கும் தெரிய வரும். 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாத ஒல்லி ஸ்டெப்னி இருந்தால்கூடப் போதும், ராத்திரி நேரத்தில் குடும்பத்தோடு ரோட்டோரம் காத்திருக்க வேண்டியதில்லை.

இப்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற விஷயம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஊற்றும் ஆயிலை ‘லைஃப்டைம்’ என்று எழுதுகிறீர்கள், மாற்றவே வேண்டாம் என்கிறீர்கள். யாருடைய ஆயுள்? உலகம் முழுவதும் எத்தனையோ கார்களுக்கு கியர்பாக்ஸ் செய்து தரும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமே, வண்டி ஓடும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 வருடத்துக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. அதே கியர்பாக்ஸைப் பொருத்திய வண்டியின் சர்வீஸ் அட்டவணையில் அந்த வரியே இல்லாமல் போவது எப்படி? மாற்றாமல் விட்டால் வாரண்டிக் காலத்தில் ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு நாள், ஊர்ந்து போகும் போக்குவரத்தில் முதல் கியருக்கும் இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன உதறல், பின்னாலிருந்து யாரோ லேசாக இடித்த மாதிரி. வண்டியை முதல் முறை வாங்கியவர் அதற்குள் விற்றிருப்பார், செலவு வந்து விழுவது இரண்டாவதாக வாங்கிய குடும்பத்தின் தலையில், அவர்களும் உங்கள் பெயரை நம்பி வாங்கியவர்கள்தான். நாங்கள் ஒரு தெரிந்த மெக்கானிக்கின் பேச்சைக் கேட்டு மாற்றினோம். வடித்தெடுத்த ஆயில் கறுப்பாக, கருகிய வாடையோடு இருந்தது. அதைப் பார்த்த பிறகு அந்த ஆங்கிலச் சொல்லை எந்தக் கையேட்டில் படித்தாலும் நான் நம்புவதில்லை.

டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் கதையும் இதே கதை. அதில் சேரும் கரி எரிந்து போக உள்ளே 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற வேண்டும், அதற்காக எஞ்சின் கூடுதலாக டீசல் செலுத்துகிறது. நெடுஞ்சாலையில் இது நமக்குத் தெரியாமலே நடந்து முடிந்துவிடும். ஆனால் குடும்ப வண்டி தினம் போவது பள்ளிக்கூடம், கடை, டியூஷன், திரும்ப வீடு. எஞ்சின் சூடேறுவதற்குள் அணைத்துவிடுகிறோம். பாதியில் நின்ற ஒவ்வொரு முறையும் எரியாத டீசலில் கொஞ்சம் எஞ்சின் ஆயிலில் போய்க் கலக்கிறது. வண்டியை நிறுத்திய பிறகும் ஃபேன் இரைந்துகொண்டே இருப்பது, நின்ற இடத்தில் எஞ்சின் வேகம் கொஞ்சம் ஏறியிருப்பது, ஒரு காய்ந்த வாடை: இவையெல்லாம் அதன் அடையாளம் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களாகத் தெரிந்துகொண்டோம். ஃபில்டர் எத்தனை சதவீதம் நிறைந்திருக்கிறது என்ற கணக்கு உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. எத்தனை நிறத்தில் உள்விளக்கு எரிய வேண்டும் என்பதற்கெல்லாம் திரையில் இடம் இருக்கிறதே, இந்த ஒரு எண்ணையும் காட்டுங்கள். ‘சுத்தம் நடக்கிறது, இன்னும் பத்து நிமிடம் ஓட்டுங்கள்’ என்று ஒரு வரி வந்தால், ஒரு சுற்று கூடப் போய்விட்டு வருவதில் யாருக்கும் கஷ்டம் இல்லை. ஷோரூமிலும், தினம் குறைந்த தூரம்தான் ஓடும் என்று சொல்கிற குடும்பத்துக்கு டீசலைத் தள்ளிவிடாமல் இருக்கச் சொல்லுங்கள்.

பெரிய சன்ரூஃபின் மூலைகளில் தண்ணீர் வடிய மெல்லிய குழாய்கள் இருக்கின்றன, கதவுத் தூண்களுக்குள்ளே இறங்கி வண்டிக்கு அடியில் போய்த் திறக்கும். இலையும் தூசியும் அடைத்தால் தண்ணீர் உள்ளே இறங்கி, கால்மிதிக்குக் கீழே, வயர்கள் ஓடும் இடத்தில் தேங்கும். நாற்றம் வந்த பிறகுதான் தெரியும். அந்தக் குழாயைச் சுத்தம் செய்வதை வருடாந்திர சர்வீஸில் ஒரு வரியாகச் சேர்த்தால் போதும், ஐந்து நிமிட வேலை.

ஆக நான் கேட்பது புது வசதி எதுவும் இல்லை. உங்கள் கையேட்டில் ஐந்தாவது வருடத்தோடு நின்றுவிடும் சர்வீஸ் அட்டவணையைப் பன்னிரண்டாவது வருடம் வரை நீட்டுங்கள். கியர்பாக்ஸ் ஆயில் எப்போது, பிரேக் ஆயில் எப்போது, கூலன்ட் எப்போது, ரப்பர் புஷ்கள் எப்போது தேயும், பின்கதவைத் தாங்கும் கேஸ் தண்டுகள் எப்போது வலுவிழந்து கதவு தலையில் இறங்கும், எந்தப் பாகம் எத்தனை வருடம் வரை கடையில் கிடைக்கும் என்று உங்கள் பொறியாளர்களுக்குத் தெரிந்ததை அப்படியே எழுதுங்கள். பழைய வண்டிக்காரர்களும் இறக்கிப் படிக்கும்படி பொதுவில் போடுங்கள், எங்களுக்கு மட்டுமில்லை, எங்களிடமிருந்து இந்த வண்டியை வாங்கப் போகிறவர்களுக்கும் அது வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வண்டியைப் பல வருடமாக ஓட்டிவரும் ஒரு குடும்பம்