மான் இறப்புக்கு நாய்க்கடி மட்டும்தான் காரணமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேர்வராயன் மலையடிவாரத்தில் கோடைதோறும் புள்ளிமான்கள் இறப்பதும், ‘தண்ணீர் தேடி வந்த மானைத் தெருநாய்கள் கடித்துக் குதறின, உடற்கூறாய்வுக்குப் பின் வனப்பகுதியில் புதைக்கப்பட்டது’ என்று செய்தி முடிவதும் வாடிக்கையாகிவிட்டது. அந்த உடற்கூறாய்வில் என்ன தெரிந்தது என்பதை மட்டும் எவரும் எழுதுவதில்லை.

மிரண்டு ஓடும் மானின் தசைகளுக்கு ஆக்சிஜன் போதாமல் லாக்டிக் அமிலம் சேர்கிறது, உடல் சூடேறுகிறது, சிதைந்த தசையிலிருந்து கசியும் மயோகுளோபின் என்ற புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்ய, சிறுநீர் காப்பி நிறத்தில் இறங்குகிறது. பெரிய காயம் எதுவும் இல்லாத மான், பிடிபட்ட சில மணி நேரத்திலோ சில நாட்கள் கழித்தோ இறப்பதற்கு இதுவும் ஒரு காரணம். காட்டில் விட்டபின் இறந்தால் அது யார் கணக்கிலும் வராது.

துரத்துவது நாய் மட்டுமன்று. மீட்கிறோம் என்று சூழ்ந்து நிற்கும் கூட்டமும், செல்போனை முகத்தருகே நீட்டும் இளைஞர்களும் அதே கிலியைத்தான் உண்டாக்குகிறார்கள். காலைக் கட்டி ஒருக்களித்துக் கிடத்தினால், அசைபோடும் பிராணியாகிய மானுக்கு ஏப்பம் வெளியேறாமல் வயிறு உப்பி நுரையீரலை அழுத்தும். வாயில் ஊற்றும் தண்ணீர் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். கண்ணைத் துணியால் மூடி, கால்களை மடக்கி நெஞ்சு தரையில் படும்படி அமர்த்தி, கூட்டத்தை விலக்கிவிட்டு வனத்துறையினருக்காகக் காத்திருப்பதே நாம் செய்யக்கூடியது.

நாயிடம் சிக்கும் முன்பே அந்த மான் நலிந்திருந்ததா என்பதும் தெரிய வேண்டும். ஏற்காடு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வீசப்படும் தின்பண்ட உறைகளில் உப்பு ஒட்டியிருப்பதால் மான்கள் அவற்றை விழுங்குகின்றன. இரைப்பையில் பிளாஸ்டிக் உருண்டையாகத் திரண்டுவிட்டால், வயிறு நிறைந்திருந்தும் அந்த விலங்கு மெலிந்து ஓட்டம் குறைந்துவிடும். சுற்றுச்சுவர் இல்லாத கிணறுகளில் விழுந்து இறப்பவை தனி. அதற்குச் சுவர் எழுப்பினாலே போதும். ஆய்வு எதுவும் தேவையில்லை.

ஆகவே, இறந்த மானின் இரைப்பை, நுரையீரல், சிறுநீரகம், தொடைத் தசை ஆகியவற்றில் கண்டதை நான்கு வரியிலாவது வனத்துறை வெளியிட வேண்டும். தங்கள் செய்தியாளர்களும் அடுத்த முறை அதைக் கேட்டு எழுதுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்,
கன்னங்குறிச்சி, சேலம்.