அளந்த கணக்கை ஊராட்சிப் பலகையில் எழுதிப் போடுங்கள்

நெய்வேலிச் சுரங்கங்களைச் சுற்றி நிலத்தடி நீரைக் கண்காணிக்கும் பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்கு,

வணக்கம். சொந்த ஊர் சுரங்கத்துக்குப் பக்கத்துக் கிராமம். பிழைப்பு சிங்கப்பூரில். இங்குள்ள எம்ஆர்டி (பெருவிரைவு ரயில்) சுரங்கப்பாதை தோண்டும் இடங்களில் நிலத்தடி நீர்மட்டம் அளப்பதுதான் என் வேலை. எங்கள் கொல்லையில் போட்ட போர், அதாவது ஆழ்குழாய்க் கிணறு, மறுபடியும் தண்ணீர் இல்லாமல் காற்று இழுக்கிறது என்று போன வாரம் அண்ணன் போனில் சொன்னார். அதற்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

பின்னணி உங்களுக்குத் தெரியும். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் இருக்கும் நீர் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் மேலே முட்டுகிறது. இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரை பொத்துக்கொள்ளும், உள்ளே வேலை செய்பவர்கள் உயிர் போகும். 1961இல் கரியை எட்டிய காலத்திலிருந்து இறைப்பு ஓயாததற்குக் காரணம் அதுதான். அதை நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை.

ஆனால் அதே அழுத்தத்தால்தான் தாத்தா காலத்தில் எங்கள் பக்கம் போர் போட்டால் மோட்டார் இல்லாமலே தண்ணீர் பொங்கி வழிந்தது. இன்று அண்ணன் மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து எழுந்து போய் மோட்டார் போடுகிறார். கொஞ்ச நேரம் நன்றாக வருகிறது. பிறகு குழாய் இருமத் தொடங்கி, நுரையும் மணலுமாகத் துப்பிவிட்டு நின்றுபோகிறது. அப்படியே ஓடவிட்டால் மோட்டாரின் காயில் கம்பி கருகிவிடும். அதனால் நிறுத்திவிட்டு, ஊறட்டும் என்று அண்ணியும் அவரும் கரும்புக் கொல்லை வரப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊறுவதற்குள் கரண்ட் போய்விடுகிறது. போரை ஏற்கெனவே ஒருமுறை ஆழப்படுத்தியாயிற்று, அந்தக் கடனும் அடையவில்லை. இன்னும் ஆழப்படுத்தினால் தண்ணீர் கிடைக்குமா? இதை நாங்கள் கேட்க முடிந்த ஒரே ஆள் போர் வண்டிக்காரர். “இறக்கிப் பார்த்தால்தான் தெரியும்” என்கிறார் அவர்.

அவருக்குத் தெரியாதது உங்கள் பதிவேட்டில் இருக்கிறது. மே, ஆகஸ்ட், நவம்பர், ஜனவரி என ஆண்டுக்கு நான்கு முறை சுற்றுவட்டாரக் கிணறுகளை அளக்க வேண்டும் என்பது நிலக்கரிச் சுரங்கங்களுக்கான சுற்றுச்சூழல் அனுமதியில் வழக்கமாக எழுதப்படும் நிபந்தனை. அந்த அளவுகளைத்தான் கேட்கிறோம். அண்ணன் ஓர் அலுவலகத்தில் இதற்காக மனு கொடுத்தார். “உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது” என்று ஒரு வரி வந்தது. எந்தக் கிணற்றில் எத்தனை மீட்டர் என்று கேட்டவருக்கு இது என்ன பதில்?

மட்டம் இறங்கியதற்குச் சுரங்கம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் விவசாயிகளின் மோட்டார்களும் உறிஞ்சுகின்றன, மழையும் பொய்க்கிறது. எதனால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல, மேல் நீருக்கும் அடி நீருக்கும் தனித்தனிக் கண்காணிப்புக் கிணறு வேண்டும், தொடர்ச்சியான அளவு வேண்டும்.

இங்கே சிங்கப்பூரில் நான் கண்காணிப்புக் குழாய்க்குள், நீர்மட்டம் அளக்கும் டிப்மீட்டர் நாடாவை இறக்குகிறேன். நுனி தண்ணீரைத் தொட்டதும் பீப் என்கிறது. ஆழத்தைப் படித்து எழுதுகிறேன். எச்சரிக்கை அளவைத் தாண்டியிருந்தால் பொறியாளருக்கு உடனே தகவல் போகிறது. வேலையை நிறுத்த வேண்டிய அளவைத் தாண்டினால் தோண்டுவது நிற்கிறது. 2004 ஏப்ரல் 20 அன்று நிக்கல் ஹைவேயில் ரயில் பாதைக்காகத் தோண்டிய பள்ளம் சரிந்து 4 பேர் இறந்தார்கள். கருவிகள் காட்டிய எச்சரிக்கை முன்கூட்டியே இருந்தும் அதை உரியபடி எடுத்துக்கொள்ளவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. அளந்து வைத்தால் மட்டும் போதாது என்பதை இந்த ஊர் உயிர் கொடுத்துத் தெரிந்துகொண்டது.

எங்கள் பக்கத்து மக்கள் சுரங்கத்துக்காக வீடும் கொல்லையும் கொடுத்தார்கள். அதிலிருந்து வந்த மின்சாரம் பக்கத்து மாநிலங்களுக்கும் போகிறது. போகட்டும். ஆனால் தன் கொல்லைக்கு அடியில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று கேட்கும் விவசாயியை ஏன் ஒவ்வொரு மேசையாக அலைய விடுகிறீர்கள்? இதில் என்ன ரகசியம்? குடிக்கத் தண்ணீர் கேன் வாங்கும் வீட்டுக்கு அந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ள உரிமை இல்லையா?

கோபம் வந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்ததைப் பணிவாகக் கேட்கிறேன். ஒவ்வொரு கண்காணிப்புக் கிணற்றின் எண், ஆழம், அளந்த தேதி, நீர்மட்டம் ஆகியவற்றை அந்தந்த ஊராட்சி அலுவலகப் பலகையில் தமிழில் எழுதிப் போடுங்கள். உப்பு, சல்பேட், இரும்பு சோதனை முடிவுகளையும் சேர்த்துப் போடுங்கள். கடல் அதிகத் தொலைவில் இல்லை, உப்பு ஏறினால் முதலில் தெரிய வேண்டியது அந்த நீரைக் குடிப்பவர்களுக்கு. மட்டம் எவ்வளவு இறங்கினால் என்ன செய்வீர்கள் என்பதையும் முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள்.

வரும் மே மாத அளவிலிருந்தே இதைத் தொடங்க வேண்டுகிறேன். அண்ணன் அதைப் பார்த்துவிட்டுத்தான் போர் வண்டியைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய இருக்கிறார்.

இப்படிக்கு,
சுரங்கப் பகுதிக் கிராமத்தான் ஒருவன்,
சிங்கப்பூர்