கால் சுற்று

மேற்கு மாம்பலம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள சேது,

உன் மெயில் வந்து ஐந்து மாதம் ஆகிறது. காரணம் சொன்னால் சிரிப்பாய், சொல்லாவிட்டால் கோபித்துக்கொண்டதாக நினைப்பாய். சிரித்துவிட்டுப் போ. காரணம், ஈக்வலைசர்.

முதலில் மற்ற செய்திகள். எல்லோரும் சுகம். வசந்தாவுக்கு அதே முழங்கால், அதே தைலம். மொட்டை மாடி இந்த மழைக்கும் ஒழுகியது. பர்மா பஜார் அண்ணாச்சி கண் ஆபரேஷன் செய்துகொண்டார். "இனிமே கள்ள நோட்டு எங்கிட்ட நடக்காது" என்றாராம். அவருக்கு யார் கொடுத்த கள்ள நோட்டு என்பது உனக்கும் எனக்கும் தெரியும். அவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தம்பி மகன் கார்த்திக் கல்லூரிக் கடைசி வருஷ ப்ராஜெக்டாக ஒரு ஈக்வலைசர் எழுதியிருந்தான். பாட்டுக்கு மட்டுமான ஈக்வலைசர் இல்லை, கம்ப்யூட்டர் முழுவதுக்கும். யூட்யூப், பழைய எம்பி3, வசந்தா அவள் அக்காவோடு பேசும் வீடியோ கால் என்று எந்தச் சத்தமானாலும் ஸ்பீக்கருக்குப் போகும் முன் இதற்குள் நுழைந்துதான் வெளியே வரவேண்டும். பெங்களூருக்கு வேலைக்குக் கிளம்பும்போது, "வேணும்னா வச்சுக்கங்க பெரியப்பா" என்று ஊரைவிட்டுப் போகிறவன் நாய்க்குட்டியைக் கொடுப்பதுபோலக் கொடுத்துவிட்டுப் போனான். இந்த வேலைக்கு விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ இருக்கிறது, லினக்ஸில் ஈஸிஎஃபெக்ட்ஸ் இருக்கிறது, இரண்டும் இலவசம். புத்தியுள்ளவன் அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டு வேறு வேலை பார்ப்பான். ரிடையர் ஆனவன் நாய்க்குட்டியை வளர்ப்பான்.

பத்து ஸ்லைடர். ஒவ்வொன்றும் ஒலியின் ஒரு பகுதியைக் கூட்டும், குறைக்கும். 31, 62, 125 என்று இரட்டித்துக்கொண்டே 16,000 ஹெர்ட்ஸ் வரை, அதாவது கனத்த ஒலியிலிருந்து கீச்சொலி வரை. நாம் 87இல் பிளைவுட்டில் அடித்த அந்த இரண்டு பெட்டிகள்தான் இன்னமும் என் ஸ்பீக்கர். கனத்த ஒலிக்கான வூஃபரின் ஓரம் இரண்டு முறை புதுசு போட்டாயிற்று. முதல் நாளே மிருதங்கத் தனியில் ஒவ்வொரு பலத்த அடிக்கும் 'கர்ர்' என்று ஒரு கிழிசல். வூஃபர் போயிற்று என்று நினைத்து ரிச்சி தெருவுக்குக்கூடப் போய்வந்தேன். (நம் கடை இருந்த இடத்தில் இப்போது மொபைல் டிஸ்ப்ளே மாற்றுகிறார்கள். படிக்கட்டு மட்டும் அதே படிக்கட்டு.) கடைசியில் பார்த்தால் தப்பு வூஃபரில் இல்லை. ஆறு டெசிபல் ஏற்றினால் அலையின் உயரம் இரட்டிப்பு. இன்றைய பாட்டுகளோ ஏற்கெனவே டிஜிட்டலின் உச்சியைத் தொட்டுக்கொண்டிருப்பவை. அதற்கு மேல் ஏற்றினால் அலையின் தலை வெட்டுப்படும். அதனால் மொத்த ஒலியை முன்கூட்டியே குறைத்துவிட வேண்டும், அதைப் ப்ரீஆம்ப் என்கிறார்கள்.

கார்த்திக் அதையும் செய்துதான் இருந்தான். ஆனால் எந்த ஸ்லைடர் அதிக உயரமோ அந்த அளவுக்கு மட்டும் குறைத்திருந்தான். 62இல் நாலு, 125இல் நாலு ஏற்றினால் இரண்டுக்கும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து நாலைத் தாண்டிப் போகும் என்பதைப் பையன் மறந்துவிட்டான். இப்போது ஸ்லைடர்களுக்குப் பின்னால் வேலை செய்கிற எல்லா ஃபில்டரையும் சேர்த்து வரும் வளைவை இருநூறு இடத்தில் கணக்குப் போட்டு, அதன் உச்சியை எடுத்து, கூடவே ஒரு டெசிபல் உபரியாகவும் குறைக்கிறேன். ஃபில்டர்கள் அலைகளின் நேரத்தையும் கொஞ்சம் நகர்த்துவதால் உச்சிகள் எதிர்பாராத இடத்தில் சேர்ந்துகொள்ளும், அதற்குத்தான் அந்த ஒன்று. கிழிசல் போய்விட்டது.

அத்தோடு விட்டிருக்கலாம். அடுத்து ஸ்லைடரை நகர்த்தும்போது வரும் 'டிக் டிக்'கைப் பிடித்தேன். ஃபில்டர் எண்கள் ஒரேயடியாகத் தாவாமல் ஐம்பது மில்லி நொடியில் மெல்ல மாறும்படி செய்ததும் அது அடங்கியது. அப்புறம் ஒரு வேடிக்கை. பாட்டு ஓடும்போது சும்மா இருக்கிற கம்ப்யூட்டர், பாட்டு நின்ற பிறகு விசிறியைச் சுழற்றி மூச்சிறைத்தது! நிசப்தத்தில் ஃபில்டருக்குள் மிச்சமிருக்கும் எண்கள் தேய்ந்து தேய்ந்து பூஜ்யத்துக்கு ஒரு மயிரிழை பக்கத்தில் வந்துவிடுமாம், அந்த நுண்ணிய எண்களைக் கணக்குப் போடத்தான் பிராசஸர் திணறுமாம். அவ்வளவு சின்னதைப் பூஜ்யமாகவே எடுத்துக்கொள் என்று ஒரு வரி சேர்த்தேன், விசிறி நின்றது. ஒன்றுமில்லாததைக் கட்டிக்கொண்டு அழுவதில் மனுஷனுக்குக் குறைந்ததில்லை போல.

பிறகு அறை. இதைச் சொல்லியே ஆகவேண்டும். தாழ்ந்த ஸ்வரம் ஏதாவது வந்தால் அறையே 'ஹூம்ம்' என்று முனகும், சுவரோரம் என் நாற்காலியில் உட்கார்ந்தால் இன்னும் மோசம். கணக்குப் போட்டேன். அறை நீளம் பன்னிரண்டு அடி, அதாவது 3.66 மீட்டர். ஒலி நம் ஊர்ச் சூட்டில் நொடிக்கு 346, 348 மீட்டர் போகும். அதை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் 47 ஹெர்ட்ஸ். இரண்டு சுவருக்கும் நடுவே அந்த அலை கட்டிப்போட்டதுபோல நின்றுவிடும். சுவரோரம் உச்சம், நடு அறையில் ஒன்றுமில்லை. சோதிக்க வேண்டுமே. பகலில் முடியாது, பக்கத்துப் போர்ஷன் மோட்டார். கடைசி மின்சார ரயில் போகக் காத்திருந்து, 47 ஹெர்ட்ஸை மட்டும் ஓடவிட்டு அறைக்குள் நடந்தேன். சுவரோரம் நெஞ்சில் அதிர்கிறது. ஒவ்வொரு அடியாக முன்னே வந்தால் தேய்கிறது. அறையின் மத்தியில், மின்விசிறிக்கு நேர் கீழே, யாரோ வாயைப் பொத்தியதுபோல ஓய்ந்துவிட்டது. இரண்டடி தாண்டினால் மறுபடி வருகிறது! நான் கழுத்தை நீட்டி நீட்டி முன்னும் பின்னும் போவதைக் கதவருகே நின்று வசந்தா பார்த்திருக்கிறாள். "கோடாங்கியக் கூப்பிடட்டுமா?" என்றாள்.

நடுவில் ஓய்ந்துபோவதை ஈக்வலைசரால் நிரப்ப முடியுமா என்று பார்க்க ஆசை வந்தது. ஒன்பது டெசிபல் ஏற்றினேன், அதாவது எட்டு மடங்கு சக்தி. நடுவில் அதே மௌனம். வூஃபர் மட்டும் ஓடிவந்த நாய்போல இரைத்தது, மேல்மாடியில் எவர்சில்வர் பாத்திரம் நடுங்கியது. சுவரோர உச்சத்தைக் குறைக்கலாம், நடுப்பள்ளத்தை நிரப்ப முடியாது. குறைப்பதற்கும் கார்த்திக்கின் ஸ்லைடர் உதவாது, 47 என்பது 31க்கும் 62க்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. அதனால் பத்து ஸ்லைடரையும் தூக்கிப்போட்டுவிட்டு, எந்த அலைவரிசை, எவ்வளவு ஏற்ற இறக்கம், எவ்வளவு அகலம் என்று மூன்றையும் நாமே வைத்துக்கொள்ளும் பாராமெட்ரிக் வகைக்கு மாற்றினேன். 47இல் ஒடுக்கமாக ஏழு டெசிபல் குறைத்து, நாற்காலியையும் ஒரு முழம் முன்னே இழுத்தேன். முனகல் நின்றது. எதனால் அதிகம் நின்றது என்று கேட்காதே. நாற்காலி என்று சொல்ல மனசு வரவில்லை.

அந்தக் குஷியில் மேலும் ஆறு ஃபில்டர் சேர்த்தேன். குரலுக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, தம்புராவின் ஜீவனுக்கு ஒன்று, 16,000இல் 'காற்றோட்டத்துக்கு' ஒன்று. ஆன் செய்தால் சபையில் இரண்டாம் வரிசை, ஆஃப் செய்தால் பெட்டிக்கடை ரேடியோ. மூன்று மாதம் தினமும் ஆன், ஆஃப், ஆன். தினமும் ஆன் ஜெயித்தது. வந்த விருந்தாளிக்கெல்லாம் காட்டினேன். உன் சம்பந்தி வந்திருந்தாரே, அவருக்கும்.

டேய், அப்போதுதான் உன் ஞாபகம் வந்தது. ரிச்சி தெருவில் ஆம்ப்ளிஃபயர் வாங்க வருகிறவனுக்கு முதலில் பக்கத்துக் கடைக்காரன் செட்டைப் போட்டுக்காட்டுவாய். அப்புறம் நம்முடையதை மாட்டும்போது, ஒயரைச் சரிசெய்கிற பாவனையில் வால்யூமைக் கால் சுற்று கூட்டுவாய். அவன் முகம் மலரும். "குவாலிட்டி சார்" என்பாய். கொஞ்சம் சத்தம் கூடினால் மனுஷக் காது அதைச் சத்தம் என்று சொல்லாது, தெளிவு என்று சொல்லும், இனிமை என்று சொல்லும்.

கார்த்திக்கின் புரோகிராமைத் திறந்து பார்த்தேன். ஆஃப் பட்டனை அழுத்தினால் ஃபில்டர்கள் மட்டும் விலகுகின்றன, ப்ரீஆம்ப் குறைத்த குறைப்பு அப்படியே நிற்கிறது. ஆகவே ஆஃப் எப்போதும் சின்னக் குரலில் பாடியிருக்கிறது. அளந்தால் இரண்டரை டெசிபல் வித்தியாசம். மூன்று மாதமாக என் கம்ப்யூட்டருக்குள் நீ உட்கார்ந்து கால் சுற்று திருகிக்கொண்டிருந்திருக்கிறாய்!

ஒலிபரப்புக்காரர்கள் சத்தத்தைக் காது உணர்கிறபடி அளக்க பி.எஸ். 1770 என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். அதைப் போட்டு, ஆன், ஆஃப் இரண்டும் ஒரே அளவில் கேட்கும்படி செய்தேன். வசந்தாவிடம் ஒரு ரூபாய் நாணயத்தைக் கொடுத்து, பூ விழுந்தால் ஆன், தலை விழுந்தால் ஆஃப், என்னிடம் சொல்லாதே என்றேன். எது என்று நான் கேட்டே சொல்லவேண்டும். ஒவ்வொரு ஃபில்டராக இருபது தடவை. தம்புராவின் ஜீவனுக்கு 20க்கு 11. குரலுக்கு 10. பாட்டே கேட்காமல் குருட்டாம்போக்கில் சொல்லியிருந்தாலும் அது வந்திருக்கும். 47உம், கீச்சொலிக்கான நம் ட்வீட்டரின் கூச்சலைக் குறைக்க 3,000 பக்கம் வைத்த ஒன்றும் மட்டும் தேறின. ஐந்து போயிற்று. அதிலும் அந்த 16,000 இருக்கிறதே, அதுதான் பெரிய அவமானம். தனி ஒலியாக ஓடவிட்டுப் பார்த்தால் எனக்கு 11,000க்கு மேல் எதுவுமே கேட்கவில்லை. சின்னவள் மட்டும் உள்ளே வந்து, "அப்பா, பல்லுல ட்ரில் போடுற மாதிரி இருக்கு, நிறுத்துங்க" என்றாள். கேட்காத ஒன்றை மூன்று மாதம் ஏற்றி இறக்கி ரசித்திருக்கிறேன்.

இதை எழுதிச் சிரிக்கத்தான் போன வாரம் உட்கார்ந்தேன். அதற்குள் உன் மகள் மீனா போன் செய்தாள்.

உன் காதைப் பற்றி உன் மெயிலில் ஒரு வரி இல்லை. மதுரை வெயில், பென்ஷன் அரியர், பேரன் நடக்கிறான் என்று எல்லாம் எழுதினாய். 'ஊசி எங்கே' என்று கேட்டால் 'ஊதி என்றால்?' என்கிறாயாம். பாட்டு கேட்பதையே விட்டுவிட்டாயாம். டெஸ்ட் எடுத்து, 4,000 ஹெர்ட்ஸில் கேட்கும் திறனில் குழி விழுந்திருக்கிறது, காதுக்கு மெஷின் வைக்கவேண்டும் என்றதற்கு, 'எனக்கா?' என்று எழுந்து வந்துவிட்டாயாம். உனக்குத்தான். பன்னிரண்டு ஆடி மாதம், கூழ் ஊற்றும் அம்மன் கோவில்தோறும் கூம்பு ஸ்பீக்கருக்கு அடியில் நின்று 'ஹலோ மைக் டெஸ்டிங்' சொன்னவன் யார்? சத்தத்தில் வேலை பார்த்தவர்கள் காதில் குழி விழும் இடமே அதுதான், 4,000 பக்கம். ச, ஸ, ஷ எல்லாம் மெலிந்த காற்றொலி, அங்கேயும் அதற்கு மேலேயும்தான் குடியிருக்கின்றன. அதனால்தான் ஊசி ஊதியாகிறது.

கேள். முதலில் மெஷின் வை. என் ஈக்வலைசர் அதற்கு மாற்று இல்லை. ஆனால் கம்ப்யூட்டரில் பாட்டு கேட்க உனக்கென்று ஒரு செட்டிங் செய்ய முடியும். செய்ய ஆரம்பித்தும்விட்டேன். குழி நாற்பது டெசிபல் என்றால் நாற்பதையும் ஏற்றக் கூடாது. 1940களில் லைபார்கர் என்ற அமெரிக்கர் சொன்ன கணக்கு, குறைந்ததில் ஏறக்குறையப் பாதியை ஏற்று என்பது. ஏனென்றால் அடிபட்ட காது சின்னச் சத்தத்தைத்தான் தவறவிடும், பெரிய சத்தம் அதற்கும் பெரிதாகவே கேட்கும். முழுசாக ஏற்றினால் ஒரு ஜால்ரா அடிக்கு நீ துள்ளி விழுவாய், மிச்சமிருப்பதும் கெடும். அதனால் மெல்லிய ஒலியை மட்டும் தூக்கி, பலத்தது வரும்போது தானே கையை எடுத்துக்கொள்கிற கம்ப்ரஸரும் சேர்க்கிறேன், எதற்கும் மேலே ஒரு கட்டுப்பாடும். இடது காதுக்குத் தனி, வலதுக்குத் தனி. கார்த்திக்கின் புரோகிராமில் இரண்டு காதுக்கும் ஒரே வளைவுதான் இருந்தது, இந்த வாரம் அதைத்தான் பிரித்துக்கொண்டிருக்கிறேன். செய்து முடித்ததும் உன் டாக்டரிடம் காட்டாமல் கேட்க ஆரம்பிக்காதே.

ஆன், ஆஃப் இரண்டும் ஒரே சத்தத்தில் வைத்துத்தான் அனுப்புவேன். உனக்கு உபயோகமில்லை என்றால் இல்லை என்று சொல். வசந்தா நாணயத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

டெஸ்டில் கொடுத்த அந்த ஆடியோகிராம் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பு. சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது, இரண்டு கோடும் முழுசாகத் தெரியட்டும். என்ன ஹெட்போன் வைத்திருக்கிறாய் என்பதையும் எழுது. மார்கழிக்கு வருகிறாய்தானே? மாடி அறையை ஒழித்துவைக்கச் சொல்கிறேன். வரும்போது என் சால்டரிங் அயர்னைக் கொண்டு வா. நீ இல்லை என்பாய், உன் நீலப் பெட்டியில் அடித்தட்டில் இருக்கிறது.

உன்
மூர்த்தி

பி.கு: நான் சொன்னதாக அப்பாவிடம் சொல்லாதீர்கள் மாமா என்று சொல்லிவிட்டுத்தான் மீனா சொன்னாள். அவளைத் திட்டாதே. எனக்குக் கனவில் தெரிந்ததாக வைத்துக்கொள்.