ஐந்து வருடம் பொறுத்தால் அறுநூறு ரூபாய்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் அரசு வேலைதான் வேண்டும் என்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள் என எல்லோரும் சொல்கிறார்கள், கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. நான் மன்னார்குடி பக்கம், வேதியியலில் பி.எஸ்சி. முடித்திருக்கிறேன். அப்பா குத்தகைச் சாகுபடி.

2025 குரூப் 4 அறிவிப்பில் 3,935 இடங்கள், விண்ணப்பம் போட்டவர்கள் ஏறக்குறைய 13.9 லட்சம் பேர். பத்தாம் வகுப்பு போதும் என்கிற தேர்வு அது. அதில் எம்.எஸ்சி.யும் பி.இ.யும் போய் உட்காருவது ஆசையிலா? என் படிப்புக்கு இந்தப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரிகிற வேலை என்றால் நெல் கொள்முதல் நிலையத்தில் பருவகாலப் பட்டியல் எழுத்தர்தான். ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டுகிறதா என்று மீட்டரைப் பார்க்கலாம், நாற்பது கிலோ மூட்டைக்குக் கணக்கு எழுதலாம், அறுவடை ஓய்ந்ததும் வீட்டுக்கு வந்துவிடலாம். அதற்கும் எத்தனை பேர் யாரைப் பிடிக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

சரி, வேலைதான் இல்லை, உதவித்தொகையாவது கிடைக்குமா என்று பார்த்தால் அது இன்னொரு கூத்து. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருடம் முடிந்திருக்க வேண்டும், அதன் பிறகு பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், அதுவும் மூன்று வருடம் மட்டும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000-க்கு மேல் போகக் கூடாது, அதாவது வீட்டில் அண்ணனோ அக்காவோ மாதம் ஏழாயிரத்துக்கு ஜவுளிக்கடையில் நின்றாலே கதை முடிந்தது. படிப்பு முடித்த முதல் இரண்டு வருடம்தானே ராத்திரி தூக்கம் வராத வருடங்கள்? தேர்வுக் கட்டணம், புத்தகம், திருச்சிக்கும் சென்னைக்கும் நேர்காணல் போக வண்டிச் செலவு எல்லாம் அப்போதுதான். கல்யாண வீட்டில் "எங்கம்மா இருக்கே இப்ப?" என்று கேட்பதும் அப்போதுதான். (கேட்கிறவர்கள் பதிலுக்குக் காத்திருப்பதில்லை, அது வேறு.) ஐந்து வருடம் கழித்து வருகிற அறுநூறு ரூபாயை வைத்து என்ன செய்ய?

2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கிய சட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். புதிதாக எண்ணெய்க் கிணறு வேண்டாம், தாமிர உருக்காலை வேண்டாம் என்பதெல்லாம் நாங்கள் கேட்டதுதான். ஆனால் நெல்லை வைத்துத் தொழில் தொடங்கக் கூடாது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லையே. உணவுப் பதப்படுத்தும் படிப்புக்கென்று ஒன்றிய அரசு நிறுவனம் தஞ்சாவூரிலேயே இருக்கிறது. 2024-இல் மினி டைடல் பூங்காவும் திறந்தார்கள், சந்தோஷம், ஆனால் அது கணினி படித்தவர்களுக்கு. தவிட்டு எண்ணெய் ஆலை, தரப் பரிசோதனைக் கூடம் என்று வந்தால் எங்களைப் போன்றவர்கள் ரயில் ஏற வேண்டியதில்லை.

அதற்கெல்லாம் நாள் ஆகும், புரிகிறது. ஐந்து வருடம் என்பதை ஒரு வருடம் என்று மாற்ற ஓர் அரசாணை போதும். வருமான வரம்பையும் கூடவே உயர்த்தச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பட்டதாரி வாசகி,
திருவாரூர் மாவட்டம்