படம் பார்க்கும் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, அங்கத்தவர்களே, சந்தா கட்டாமலே ஒழுங்காக வந்துபோகும் அயலவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

போன வருட அறிக்கையை வாசித்தபோது பின்வரிசையில் இரண்டு பேர் நித்திரை என்று தலைவர் பிறகு சொன்னார். ஆகவே கூட்டங்களின் கணக்கை ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறேன். நிர்வாகக் கூட்டம் 6, அதில் ஆள் போதாமல் ஒத்திவைத்தது 2, அங்கத்தவர் 31 பேர், சந்தா நிலுவை 9 பேர். பெயர்களைப் பொருளாளர் வைத்திருக்கிறார். தேநீர் வேளையில் அவர் உங்களிடம் வருவார்.

மாதத்தின் முதற் சனிக்கிழமை மாலை 6.30க்குப் பொதுநோக்கு மண்டபத்தில் படம் என்பது நமது வழக்கம். இந்த வருடம் 10 படம் போட்டோம். முள்ளிவாய்க்காலை நினைக்கிற மே மாதத்தில் எப்போதும்போல் போடவில்லை. அதற்கு மேல் இந்தச் சபைக்கு விளக்கத் தேவையில்லை. டிசம்பரில் போடாததற்கு டித்வா புயல் காரணம். அதைப்பற்றிக் கடைசியில் வருகிறேன். வெடிச்சத்தம் கூடிய படங்களை இரவில் போடுவதில்லை என்ற பழைய தீர்மானமும் அப்படியே இருக்கிறது. அதை மாற்றச் சொல்லி இளைஞர் பக்கமிருந்து வந்த கடிதம் வாசிக்கப்பட்டது, வைக்கப்பட்டது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகப் புள்ளி போடும் முறையைச் சொல்லிவிடுகிறேன். படம் முடிந்து லைற் போட்டதும் ஆளுக்கொரு கடதாசித் துண்டு. 1 தொடக்கம் 10 வரை ஒரு புள்ளி, விரும்பினால் கீழே ஒரு வசனம். மடித்து மைலோ ரின்னுக்குள் போடவேண்டும். பெயர் எழுதக்கூடாது. கையெழுத்தைப் பார்த்தால் எனக்குப் பாதிப்பேரைத் தெரிந்துவிடும், அது வேறு கதை.

ஜனவரியில் ‘மெய்யழகன்’. பிரேம்குமார் இயக்கியது, 2024 செப்டெம்பரில் வெளிவந்தது. தஞ்சாவூரை விட்டுப்போன அரவிந்த்சாமி ஒரு கலியாணத்துக்காகத் திரும்பி வருகிறார். கார்த்தி “அத்தான்” என்று ஓடிவந்து ஒட்டிக்கொள்கிறார். அத்தானுக்கோ இந்தப் பெடியன் ஆரென்று பேர் ஞாபகம் வரவில்லை, கேட்கவும் வெட்கம். இரவு முழுக்க அந்த அவத்தைதான் படம். கனடாவிலும் சுவிசிலும் இருந்து ஆட்கள் வந்திறங்கும் ஆடி, ஆவணியில் நாம் படுகிற பாடு இது. “என்னைத் தெரியுதோ?” என்று கேட்டால் “தெரியாமல் என்ன” என்று சொல்லிவிட்டு மனுசிக்குக் கண்ணைக் காட்டாதவர் இந்த மண்டபத்தில் ஆர் இருக்கிறார்? படம் வெளியாகிச் சில நாளிலேயே ஏறக்குறைய 18 நிமிடத்தை வெட்டினார்கள். இன்னுமொரு 18 வெட்டியிருந்தாலும் தாங்கும் என்பது பொருளாளரின் கருத்து. செயலாளர் உடன்படவில்லை.

அத்தான் விட்டுப்போன ஒரு பழைய சைக்கிள் அந்தக் குடும்பத்தை எப்படித் தூக்கி நிறுத்தியது என்று கார்த்தி சொல்கிற இடத்தில் மண்டபம் அடங்கிப் போயிருந்தது. அன்று ரின்னில் கிடந்த ஒரு துண்டில் 10 என்று போட்டு, கீழே “நாங்கள் ரோட்டில போட்டிட்டு வந்த சைக்கிளுகளும் ஆருக்கும் உதவியிருக்குமோ” என்று எழுதியிருந்தது. கையெழுத்து எனக்குத் தெரியும். சராசரி 8.7, இவ்வருடத்தின் முதலிடம்.

பெப்ரவரியில் ஒரு பெரிய கதாநாயகனின் பெரிய படம். பேரைச் சொல்வதற்குக் குறிப்புப் புத்தகத்தைத் திறக்கவேண்டியிருக்கிறது. திறக்கவில்லை. அன்றைக்கு வந்த துண்டுகள் 20. அதில் 11 பேர் 5 போட்டார்கள், 9 பேர் 6 போட்டார்கள். சராசரி 5.45. இந்த எண்ணைத் தயவுசெய்து மனதில் வைத்திருங்கள்.

மார்ச்சில் ‘கொட்டுக்காளி’. வினோத்ராஜ் இயக்கம், சூரியும் அன்னா பென்னும் நடித்தது, பெர்லின் திரைப்பட விழாவுக்குப் போய் வந்தது. படத்துக்குப் பின்னணி இசை கிடையாது. இதை முன்கூட்டியே அறிவிக்காதது செயலாளரின் பிழை. தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒலிப்பெட்டிப் பக்கம் இருந்த தம்பி எழும்பிப் போய் வயரை இழுத்துப் பார்த்தார். பிறகு அடுத்த பக்கப் பெட்டியையும் தட்டிப் பார்த்தார். “தம்பி, இருந்து பார், சத்தம் வருகுது, ஓட்டோச் சத்தம்” என்று ஆச்சி ஒருவர் சொன்னபிறகுதான் இருந்தார். ஒரு பெட்டையைப் பேய் பிடித்தது என்று சொல்லிக் குடும்பமே ஓட்டோவிலும் மோட்டார் சைக்கிளிலும் பூசாரியிடம் கூட்டிப்போகிறது. பெட்டை வாயே திறக்கிறாளில்லை. சூரியின் தொண்டை கட்டிப்போய்ச் சுண்ணாம்பு பூசியிருக்கிறது. வழியில் ஒரு மாடு ரோட்டை மறித்து நிற்க, அத்தனை ஆம்பிளையளும் பயந்து நிற்க, ஒரு சின்னப்பிள்ளை வந்து அதைக் கூட்டிப்போகிறது. மாடு வளர்க்கிற நம்மவர்கள் அந்த இடத்தில் கைதட்டினார்கள். பிறகு படம் முடியாமலே முடிந்தது. லைற்றைப் போட்டால், “மிச்சம் எங்கே?” என்று கேட்கிறார்கள்.

அன்றும் துண்டுகள் 20. ஒன்பதில் 10, ஒன்பதில் 1, இரண்டில் 5. கூட்டிப் பிரித்தால் சராசரி 5.45. நான் மூன்று தரம் கூட்டினேன், பொருளாளர் ஒருதரம் கல்குலேட்டரில் கூட்டினார். பெப்ரவரியில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாத படமும், மார்ச்சில் வீதிவரைக்கும் சண்டை பிடித்துக்கொண்டு போன படமும் ஒரே புள்ளி. தகப்பனும் மகளும் ஆளுக்கொரு பக்கமாக வீட்டுக்குப் போனதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். நோட்டீஸ் பலகையில் 5.45 என்று எழுதி ஒட்டும்போது எனக்கே பொய்க்கணக்கு எழுதுவதுபோல் இருந்தது. அந்த 20 பேரில் 5.45 என்று நினைத்தவர் ஒருவரும் இல்லையே. ஆகவே ஏப்ரல் தொடக்கம் சராசரிக்குப் பக்கத்தில் ஆகக்கூடிய புள்ளி, ஆகக்குறைந்த புள்ளி இரண்டையும் எழுதுகிறோம். நிர்வாக சபையில் இதை எதிர்த்தவர் ஒருவர். பலகையில் இடம் காணாது என்பது அவர் வாதம்.

ஏப்ரல் விடுமுறைக்கு ‘லப்பர் பந்து’. கதிரை போதாமல் பாய் விரித்தோம். கெத்து என்ற வயது போன துடுப்பாட்டக்காரர், அவருடைய பலவீனம் தெரிந்த இளம் பந்துவீச்சாளர், அந்தப் பந்துவீச்சாளர் விரும்புவதோ கெத்துவின் மகளை. நடுவில் விஜயகாந்தின் ‘பொன்மனச் செல்வன்’ பாட்டு வந்தபோது விசிலடித்தது இளைஞர்கள் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் நமது உபதலைவர். எங்கள் மென்பந்துப் பெடியன்களின் குறை ஒன்றுதான்: ரெனிஸ் பந்துக்கும் லப்பர் பந்துக்கும் எழும்புகிற உயரம் வேறாம், அதைப் படம் விளங்கப்படுத்தவில்லையாம். விளையாட்டு அணிக்குள் ஆரைச் சேர்ப்பது, ஆரைச் சேர்க்காமல் விடுவது என்று படம் கேட்கிற கேள்வி பற்றி ஒரு துண்டிலும் ஒரு சொல் இல்லை. அதை நான் கவனித்தேன். சராசரி 8.1, கூடியது 10, குறைந்தது 6.

ஜூனில் ‘மகாராஜா’. இது விஜய் சேதுபதியின் 50ஆவது படம். களவுபோன குப்பை வாளியைத் தேடித்தரச் சொல்லி ஒரு சிகையலங்காரக்காரர் பொலிசுக்குப் போகிறார் என்று பகிடியாகத் தொடங்கும். அதை நம்பிச் சிறுவர்களை முன்வரிசையில் இருத்தியது என் தவறு. பாதியில் நிறுத்திப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினோம். அன்றிரவு என் வீட்டிலும் எனக்குப் புள்ளி போடப்பட்டது. இனிமேல் நிர்வாகத்தில் இருவர் முழுப்படத்தையும் முதலில் பார்த்த பிறகுதான் மண்டபத்துக்கு வரும்.

ஜூலையில் கிரண் ராவின் ‘லாபத்தா லேடீஸ்’ என்ற இந்திப்படம், இந்தியா ஒஸ்காருக்கு அனுப்பியது. முக்காடு போட்ட இரண்டு புதுப்பெண்கள் ரெயிலில் மாறிப்போகிறார்கள். ஓடுகிற ஆங்கில எழுத்தை வாசிக்க முடியாதவர்களுக்காக உயர்தரம் படிக்கும் ஒரு தங்கை மைக்கில் தமிழ் சொன்னார். முதல் பத்து நிமிடம் எழுத்தைப் பார்த்து மொழிபெயர்த்தார். பிறகு தன்பாட்டில் மாமிமாருக்குச் சொந்தமாக வசனம் போடத் தொடங்கிவிட்டார். சிரிப்பு அடங்க நேரமெடுத்தது. பெண்கள் பக்கமிருந்து வந்த துண்டுகளில் 9க்குக் கீழே இல்லை. அதில் எத்தனை படத்துக்கு, எத்தனை தங்கைக்கு என்று பிரிக்க முடியவில்லை.

ஓகஸ்டில் மாரி செல்வராஜின் ‘வாழை’. அவருடைய சொந்தச் சிறுபராயம். பள்ளி விடுமுறை நாளில் பிள்ளைகள் வாழைக்குலை சுமக்கப் போகிறார்கள். அங்கே அதைத் ‘தார்’ என்கிறார்கள். ‘கொட்டுக்காளி’யும் இதுவும் தியேட்டருக்கு வந்தது ஒரே நாளில், 2024 ஓகஸ்ட் 23. செலவை மிச்சம்பிடிக்க, சுமை ஏற்றிய லொறியின் மேலேயே கூலியாட்களையும் ஏற்றி அனுப்பியதில் வந்த விபத்துத்தான் முடிவு. வெங்காயத்துக்கும் நெல்லுக்கும் மூட்டை தூக்கிய ஒரு அம்மா படம் முடிந்ததும் எழும்பி, அந்தப் பெடியன் குலையைத் தோளில் வாங்குகிற விதம் சரி என்றும், சும்மாட்டை வைக்கிற விதமும் சரி என்றும் நின்றநிலையில் செய்து காட்டினார். புள்ளி போடமாட்டேன் என்றார். அவருடைய துண்டு வெறுமையாகவே ரின்னில் கிடந்தது. அதைச் சராசரியில் சேர்ப்பதா என்று பொருளாளர் கேட்டார். சேர்க்கவில்லை. புத்தகத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

செப்டெம்பரில் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’. அபிஷன் ஜீவிந்தின் முதற்படம், 2025 மே 1இல் வெளியானது. பொருளாதார நெருக்கடியில் இங்கிருந்து வள்ளமேறி இராமேஸ்வரத்தில் இறங்கும் ஒரு குடும்பம், சசிகுமாரும் சிம்ரனும் பெற்றோர். இந்தப் படத்துக்கு மட்டும் இரண்டு துண்டு கொடுத்தோம், ஒன்று படத்துக்கு, மற்றது பேச்சுக்கு. இளைப்பாறிய தமிழ் வாத்தியார் ஒருவர் கொப்பி பேனையோடு வந்து, எத்தனை இடத்தில் நாங்கள் கதைக்கிறதுபோல் இருக்கிறது, எத்தனை இடத்தில் இல்லை என்று கோடு போட்டுக்கொண்டிருந்தார். ‘ஓம்’ போட்டால் ஈழத்தமிழ் ஆகிவிடும் என்ற பழைய படங்களைவிட நல்லம் என்பது அவர் தீர்ப்பு. யாழ்ப்பாணம் வேறு வன்னி வேறு என்பது இன்னும் ஆருக்கும் விளங்கவில்லை என்பது மேல்முறையீடு. வாய் திறந்தால் எந்த ஊர் என்று தெரிந்துவிடும் என்று பயந்து அவர்கள் அடங்கியிருக்கும் கட்டத்தில் முதலில் சிரித்தவர்கள், கொழும்பில் லொட்ஜில் தங்கி வேலை தேடியவர்கள். பிறகு சிரிப்பை நிறுத்தியதும் அவர்கள்தான். இளையவனை ‘முள்ளி’ என்று கூப்பிட்டபோது மண்டபத்தில் கச்சான் உடைக்கிற சத்தமும் நின்றது. படத்துக்கு 8.2, பேச்சுக்கு 6.

ஒக்டோபரில் ‘ஜமா’. பாரி இளவழகன் எழுதி இயக்கி நடித்தது, இளையராஜா இசை. பெண்வேடமே கட்டிவந்த தெருக்கூத்துக்காரன் அர்ச்சுனன் வேடத்துக்கு ஆசைப்படுகிறான். கோவலன் கூத்து ஆடிய அண்ணாவியார் ஒருவரை அழைத்திருந்தோம். அவர்களின் அடவு வேறு, எங்களது வேறு, ஆனால் மற்றவனுக்கு வேடம் கொடுக்காத எரிச்சல் மட்டும் ஒன்று என்றார். 7.4.

நவம்பர் முதலாம் திகதி பழைய படம் ஒன்று போடக் கேட்டார்கள். மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’, 2002இல் வந்தது. அமுதாவைப் பெற்ற தாய் மாங்குளத்துக்காரி என்பது கதை. மாங்குளம் இங்கிருந்து பஸ்சில் கொஞ்சத் தூரம். சந்தியில் கடை வைத்திருக்கும் அங்கத்தவர் அன்று கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு வந்திருந்தார். ஒவ்வொரு தடவையும் மாங்குளம் என்ற பேர் வரும்போது நிமிர்ந்து உட்கார்ந்தார். பச்சைப் பசேலென்று காடும் நீரும் காட்டினார்கள். ஏ9 இல்லை, முல்லைத்தீவு வீதி பிரிகிற சந்தி இல்லை, ரெயில்வே ஸ்டேசன் இல்லை. படம்பிடித்தது இந்தியாவில், வேறென்ன செய்வார்கள் என்று தலைவர் சமாதானம் சொன்னார். கடைக்காரர் கேட்கவில்லை. அவர் போட்ட துண்டு: “படம் 9. மாங்குளம் 2.” தாயும் பிள்ளையும் மழையில் சந்திக்கும் இடத்தில் அவர் கண்ணைத் துடைத்ததை நான் கண்டேன். அந்த 9 அதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

பழைய ஆட்கள் அன்று தேநீரோடு நின்று 90களைக் கதைத்தார்கள். கரண்ட் இல்லாத காலம். ஜெனரேற்றரும் ரிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஊரெல்லாம் காசு சேர்த்து, விடிய விடிய மூன்று படம் பார்த்தது. அப்போது புள்ளி போட்டோமா என்று கேட்டேன். மண்ணெண்ணெய் முடிகிறதுக்கிடையில் படம் முடிந்தால் நல்ல படம் என்றார் ஒருவர்.

இனி டித்வா. நவம்பர் கடைசியில் நமது ஒழுங்கையில் முழங்காலளவு தண்ணீர். மண்டபம் மேட்டில் இருப்பதால் பள்ளத்துக் குடும்பங்கள் அங்கே தங்கின. புரொஜெக்டரையும் ஒலிப்பெட்டியையும் இளைஞர்கள் தலையில் வைத்து என் வீட்டு அலுமாரிக்கு மேலே ஏற்றினார்கள், அவர்களுக்கு நன்றி. திரைத்துணியை மறந்துபோனோம். திரும்பி வந்து பார்த்தபோது அது மண்டபத்தின் மூலையில் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. பச்சை உடம்புக்காரி ஒருத்திக்கு மறைப்பாக அக்காமார் கட்டியிருந்தார்கள். தோய்த்துத் தந்தார்கள். ஆனால் வலப்பக்கம் கீழே உள்ளங்கையளவு சேற்றுக் கறை போகவில்லை. இந்த ஜனவரிப் படத்தில் அந்தப் பக்கம் நின்ற ஒவ்வொருவரின் முழங்காலிலும் அந்தக் கறை ஏறி இறங்கியது. சின்னப்பிள்ளைகள் படத்தை விட்டுவிட்டு, ஆரில் படுகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

புதுத்துணி வாங்குவதற்கு விலை கேட்டு வைத்திருக்கிறேன். நிலுவைச் சந்தா வந்தால் கையில் காசு இருக்கும். அந்தத் துணியையே வைத்திருப்போம் என்று பெண்கள் பக்கத்தால் ஒரு பிரேரணை எழுத்தில் வந்திருக்கிறது. ஆமோதிக்கவும் ஆள் உண்டு. அறிக்கையை ஏற்றுக்கொண்ட பிறகு அதை வாக்குக்கு விடுமாறு தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்