கங்கைச் சமவெளியைத் தொட்டியாக வரையாதீர்கள்: பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் புவியியல் பாடம் எழுதுவோருக்கும் அதற்குப் படம் வரைவோருக்கும் வணக்கம்.

இமயமலைக்குத் தெற்கே ஒரு பள்ளம் இருந்தது, ஆறுகள் வண்டலைக் கொட்டி நிரப்பின என்று எழுதிவிடுவது எளிது. பள்ளம் முன்பே வந்து காத்திருக்கவில்லை. மலையின் பாரம் ஏற ஏற இந்தியத் தட்டு வளைந்து அமிழ்கிறது. அமிழும் இடத்தில் வண்டல் தங்குகிறது. இது இன்றும் நடக்கிறது. பாரம் வடக்கே இருப்பதால் மலையடியில் படிவின் தடிமன் சுமார் 5 கி.மீ.; தெற்கே புந்தேல்கண்ட் மேட்டுநிலத்தை நெருங்க நெருங்க அது மெலிந்து இல்லாமலே போகிறது. ஆகவே வடக்கு–தெற்குக் குறுக்குவெட்டு தொட்டியாக அல்ல, ஆப்பு வடிவில்தான் இருக்க வேண்டும்.

வரையும்போதுதான் சிக்கல். 300 கி.மீ. அகலத்தை 15 செ.மீ.க்குள் அடக்கினால், 5 கி.மீ. ஆழத்துக்குக் கிடைப்பது வெறும் 2.5 மி.மீ. செங்குத்து அளவை 10 மடங்கு பெருக்காமல் முடியாது. பெருக்குங்கள், ஆனால் படத்திலேயே அதைக் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் வண்டலுக்கடியில் 1 டிகிரிகூடச் சாயாத அடித்தளப் பாறை 9 டிகிரிக்கு மேல் சாய்வதாகப் பதிந்துவிடும். அதைவிட மோசம், 30 டிகிரி சாய்ந்த உந்துப் பிளவு அதே படத்தில் 80 டிகிரியில், கிட்டத்தட்டச் செங்குத்தாக நிற்கும். ஒரு பாறைத்தொகுதி இன்னொன்றின்மேல் ஏறுகிறது என்ற செய்தியே காணாமல் போகும். எனவே மலைமுகப்பை, அதாவது மலை சமவெளியைத் தொடும் விளிம்பை, மட்டும் உண்மை அளவில் தனிச் சிறுபடமாகப் போடுங்கள்.

அதற்கு டேராடூனுக்குத் தெற்கே உள்ள மொஹந்த் மேல்வளைவு பொருத்தம். இமய முகப்பு உந்துப் பிளவின் மேல் குன்றாக எழுந்த மடிப்பு அது. அதன் மேற்கு முனையில் யமுனையும் கிழக்கு முனையில், ஹரித்வாரில், கங்கையும் வெளியேறுகின்றன. நடுவிலுள்ள சிற்றாறுகள் குன்றை அறுத்துத் தெற்கே போகவில்லை: ஆசன் மேற்கே யமுனைக்குத் திரும்புகிறது, சுஸ்வாவும் சோங்கும் கிழக்கே கங்கைக்கு. வடக்கு மலைச்சரிவிலிருந்து இறங்கிய சரளை, குன்றுக்குப் பின்னாலுள்ள டூன் பள்ளத்தாக்கிலேயே குவிந்து கிடக்கிறது.

இமயத்தின் தென்விளிம்புக் குன்றுகளான சிவாலிக்கின் அடுக்குகளில் கீழே களிப்பாறை மிகுதி, நடுவில் மணற்பாறை, மேலே கூழாங்கற்பாறை. 'மழை கூடியது, ஆறு வலுத்தது' என்று உடனே காரணம் சொல்லிவிட வேண்டாம். காலநிலைக்கும் பங்கு உண்டுதான். ஆனால் முதலில் சொல்ல வேண்டியது, மலைமுகப்பு தெற்கு நோக்கி நகர்ந்தது. ஆறு மலையை விட்டு வெளிவந்த 10–20 கி.மீ.க்குள் சரளையில் பெரும்பகுதி நின்றுவிடும், அப்பால் மணல். ஆகவே முகப்பு நெருங்க நெருங்க ஒரே இடத்தில் களியின்மேல் மணலும் மணலின்மேல் சரளையும் ஏறும். கடைசியில் அந்த இடமே மடிந்து குன்றாகும். 'மலை உயர்ந்தால் சரளை வெகுதூரம் பரவும்' என்பதும் எப்போதும் சரியல்ல. முகப்பில் அமிழ்வு வேகமாக இருந்தால் சரளை அங்கேயே சிக்கிக்கொள்ளும்.

கிழக்கு–மேற்காகவும் ஒரு வெட்டு தேவை. தில்லி–ஹரித்வார், ஃபைசாபாத், முங்கேர்–சஹர்சா ஆகிய அடித்தள முகடுகள் வண்டலுக்கடியில் புதைந்துள்ளன. இடையிலுள்ள சாரதா, கண்டக் தாழ்வுகளில் படிவு தடிமன். மேற்கே ஆறுகள் பல இடங்களில் தம் பழைய வண்டலையே அறுத்துத் தாழ்ந்து ஓடுகின்றன. பிகாரில் கோசியோ தன் தடத்தை மேடாக்கிக்கொண்டு அலைகிறது. கிழக்கே அமிழ்வு கூடுதல் என்பது ஒரு காரணம், மலையிலிருந்து வரும் வண்டலின் அளவு இன்னொன்று. 2008 ஆகஸ்ட் 18-ல் நேபாளத்தின் குசஹாவில் கோசியின் கரை உடைந்தது, அது தாங்க வேண்டிய அளவைவிட மிகக் குறைந்த நீரோட்டத்தில்தான். வெள்ளம் கிழக்கே பழைய தடங்களில் பாய்ந்தது. புதைந்த முகடுகளைப் புள்ளிக்கோட்டில் காட்டி, அதே வரைபடத்தில் கோசியின் பழைய தடங்களையும் சேருங்கள்.

இப்படிக்கு,
நிலவியல் கற்பிப்போர் சிலர்